செவன் சீட்டரில் மூன்று பேர் இருந்தீர்கள்

தினா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை எதிர் குவார்ட்டர்ஸ் பத்மா ஆங்கிலப் பேப்பரின் இணைப்பிதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அரைப் பக்கத்துக்கு உன் படம். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சங்கிலி, யார் மேலோ கோபமாக இருப்பதுபோல் முகம். "அக்கா, தினா பேட்டி வந்திருக்கு. நீங்க அவன் மைக்கைப் புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டினீங்களாமே?" என்று கேட்டாள். பாதி பரிதாபம், பாதி குஷி. அடுப்பில் பால் இருந்ததை மறந்து வாசலிலேயே நின்று படித்தேன். வீட்டில் ஒருவருக்கும் இசை தெரியாதாம். அம்மா அழுது அடம்பிடித்து உன்னை இஞ்சினியரிங்கில் தள்ளினாளாம். ரயில்வே பிளாட்பாரத்தில் பல நாள் படுத்துத் தூங்கினாயாம். ஹைதராபாத்தில் ஹிப் ஹாப் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாத காலத்தில் தனி ஆளாக, ஒரு துணையும் இல்லாமல், நீயே எல்லாவற்றையும் உண்டாக்கினாயாம். படித்து முடிக்கும்போது பால் பொங்கி அடுப்பே அணைந்திருந்தது.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ சிரித்தாய். "அம்மா, அது ஜஸ்ட் ஒரு ஸ்டோரிம்மா. எல்லா ஆர்ட்டிஸ்ட்டுக்கும் ஒரு ஸ்ட்ரகிள் வேணும். பி.ஆர். ஆளுங்க எழுதிக் குடுத்தது. நீ ஏன் பர்சனலா எடுத்துக்கற?" என்றாய். என்னைப் பற்றி எழுதியதை நான் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி எழுதியதாக எடுத்துக்கொள்ளவா? நீ ஊரறியச் சொன்னாய். அதனால் நானும் ஊரறியச் சொல்கிறேன். நம் டவுன்ஷிப் தமிழ்ச் சங்க மலரில் இரண்டு பக்கம் கேட்டு வாங்கியிருக்கிறேன். உன் அப்பா, "விடும்மா, பையன் பேரு கெட்டுப்போயிடும்" என்கிறார். பெயர் உனக்கு மட்டும்தான் இருக்கிறதா?

முதலில் பிளாட்பாரத்தை முடித்துவிடுகிறேன். நீ பிளாட்பாரத்தில் படுத்தது உண்மைதான். விஜயவாடாவில் ஏதோ கல்லூரி விழாவில் பாடிவிட்டு ரயிலைத் தவறவிட்டீர்கள். உன்னோடு அன்று டிரம் வாசிக்கிற சலீம் இருந்தான், கிடார் வாசிக்கிற ஸ்வப்னா இருந்தாள், டிரம் பெட்டிகளுக்குக் காவலாக உன் அப்பாவும் இருந்தார். அவர் துண்டை விரித்துக் கொடுத்து உன்னைப் படுக்கவைத்துவிட்டு, மற்ற இரண்டு பேருக்கும் இட்லி வாங்கப் போனார். உன் பேட்டியில் அந்தத் துண்டு வரவில்லை, இட்லி வரவில்லை, அப்பா வரவில்லை. பிளாட்பாரம் மட்டும் வந்திருக்கிறது.

திருச்சியிலிருந்து மாற்றலாகி இந்த ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக்கு வந்தபோது உனக்குப் பேச்சே சரியாக வரவில்லை. நான் டைம் ஆபீஸுக்கும் உன் அப்பா டர்பைன் ஷாப்புக்கும் போய்விடுவோம். நீ பக்கத்து வீடுகளில் தெலுங்கும் உருதுவும் பொறுக்கிக்கொண்டு வளர்ந்தாய். நான் தமிழில் கேட்டால் நீ மூன்று மொழியில் பதில் சொல்வாய். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தக் கலவைதான் பிறகு உன் பாட்டாயிற்று என்பது எனக்குத் தெரியும், நான் மடச்சி இல்லை. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே சலீமை வீட்டுக்கு அழைத்து வந்தாய். போலாரத்தில் பட்டாளத்துக்காரர்களுக்கு யூனிபார்ம் தைக்கிற கடைக்காரரின் மகன். செகந்தராபாத்தில் ஒரு சர்ச்சில் பழைய டிரம் செட்டை ஒதுக்கிப் போட்டார்கள் என்று கேட்டு வாங்கி வந்திருந்தான். அவர்கள் வீட்டில் கடையும் குடித்தனமும் ஒரே அறையில். அதை எங்கே வைப்பது? நம் முன்னறையில் வைத்தாய். சோபாவை வராந்தாவுக்குத் தள்ளியது யார்? நான். மழையில் நனைந்து அந்த சோபா வீணாய்ப்போனது. அதற்கப்புறம் பல வருடம் நம் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் டிரம் வாசிக்கிற ஸ்டூலில்தான் உட்கார்ந்தார்கள்.

டவுன்ஷிப் ஆபீஸிலிருந்து ஆள் வந்தது நினைவிருக்கிறதா? அக்கம்பக்கத்தில் புகார். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் பகலில் தூங்க முடியவில்லை என்று. அது நியாயமான புகார். வந்தவரை நான் அந்த ஸ்டூலிலேயே உட்காரவைத்து, "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு மேல மட்டும் வாசிப்பாங்க சார். அதுக்கு முன்னாடி சத்தம் கேட்டா நானே குச்சியைப் புடுங்கிடுறேன்" என்றேன். எதிரே இருந்த எட்டு வீட்டிலும் ஏறி இறங்கி இதையே சொன்னேன். என்னிடமிருந்து உனக்கு வந்த தடை என்றால் அது ஒன்றுதான். பேட்டியில் அதைச் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

ஸ்வப்னா பிறகு வந்தாள். நாச்சாரத்தில் பெயின்ட் கம்பெனி சூப்பர்வைசரின் மகள். தன்னைவிட உயரமான பாஸ் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறி வருவாள். வந்தவுடன், "ஆன்ட்டி, மீரு கூர்ச்சோண்டி" என்று என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளே டீ போடுவாள். டிரம்மையும் கிடாரையும் உங்கள் மூன்று பேரையும் ஏற்றிப் போக செவன் சீட்டர் ஆட்டோவைத் தவிர வேறு வண்டி கிடைக்கவில்லை. அதனால் அதையே குழுவுக்குப் பெயராக வைத்தீர்கள். செவன் சீட்டர். மூன்று பேருக்கு எதற்கடா ஏழு சீட்டு என்று கேட்டேன். "மிச்ச சீட்டு சவுண்டுக்கு ஆன்ட்டி" என்றான் சலீம்.

அந்தக் காலத்தில் ராப் பாடுகிறவர்கள் எல்லாரும் ஒரு சிடியைப் போட்டுவிட்டு அதன்மேல் பேசினார்கள். நீயும் அப்படித்தான் ஆரம்பித்தாய். அது வேண்டாம் என்றவன் சலீம். "டிராக் நக்கோ ஆன்ட்டி, சிடி வேணாம். இவன் மூச்சு வாங்குனா நான் நிப்பேன். இவன் ஓடுனா நான் ஓடுவேன். சிடி நிக்குமா?" என்று என்னிடம் வந்து முறையிட்டான். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கற்றுக்கொண்ட தமிழ் அவனுக்கு. நீ முறைத்துக்கொண்டு நின்றாய். இரண்டு வாரம் சண்டை. கடைசியில் ஸ்வப்னா, "அவன் சொல்றது கரெக்ட். வேண்டாம்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்று கிடாரைப் பையில் போட்டாள். அப்புறம்தான் நீ இறங்கி வந்தாய். இன்றைக்குப் பேட்டியில், 'உயிருள்ள வாத்தியங்களோடு ஹிப் ஹாப் என்ற எண்ணம் எனக்கு முதலிலேயே இருந்தது' என்கிறாய். உனக்கு முதலில் இருந்தது பிடிவாதம்தான்.

உன்னைக் கொண்டுபோய் உச்சியில் வைத்த அந்தப் பாட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது என் வாயிலிருந்து வந்தது. தினமும் காலையில் உன்னை எழுப்புவதற்கு நான் கத்துவது, "எந்திரிடா, எந்திரிடா, பஸ்ஸு போயிடும்!" ஒரு நாள் சலீம் நம் வீட்டில் தங்கியிருந்தான். நான் சமையலறையிலிருந்து கத்தினேன். அவன் காபி டம்ளரில் ஸ்பூனால் அந்தக் கத்தலைத் தட்டினான். "ஆன்ட்டி, ஃபிர் ஏக் பார்!" என்றான். நான் மறுபடி கத்தினேன், அவன் மறுபடி தட்டினான். 'போயிடும்' என்பதில் நான் இழுக்கிற இடத்தில் அவன் ஒரு அடியை வேண்டுமென்றே தாமதமாகப் போட்டான். கேட்கிறவனுக்கு பஸ் நிஜமாகவே கிளம்பிவிட்ட மாதிரி இருக்கும். ஸ்வப்னா அதற்கடியில் நாலு நோட்டை வைத்து நடக்கவிட்டாள். நீ அதன்மேல் ஹைடெக் சிட்டிக்கு வேலைக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பற்றித் தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் கலந்து எழுதினாய். நன்றாகத்தான் எழுதினாய். அதை நான் என்றைக்கும் மறுக்கமாட்டேன்.

மூன்று பேரும் வேலைக்குப் போய்க்கொண்டே வாசித்தீர்கள். நீ சாஃப்ட்வேர் கம்பெனியில், ஸ்வப்னா கால் சென்டரில், சலீம் அப்பாவின் கடையில் பட்டன் தைத்துக்கொண்டு. உன் கம்பெனி ஆண்டு விழாவுக்கு நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன், மறந்திருக்கமாட்டாய். புல்வெளியில் மேடை, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு. முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. உன் மைக் செத்தது, ஸ்வப்னாவின் கிடாரும் செத்தது. நீ மேடை நடுவில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாய். அழப் போகிறாய் என்றுகூட நினைத்தேன். சலீம் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடித்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் ஸ்வப்னா மேடையின் விளிம்புக்கு வந்து கையைத் தட்ட ஆரம்பித்தாள். முன்வரிசை தட்டியது, பிறகு பின்வரிசை. அப்புறம்தான் உனக்குத் தைரியம் வந்தது. மைக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்தினாய், "எந்திரிடா!" என்று. அத்தனை பிள்ளைகளும் திருப்பிக் கத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஹைதராபாத்தில் உங்களை எல்லாருக்கும் தெரிந்தது. பெங்களூரில் கூப்பிட்டார்கள், கோவாவில் கூப்பிட்டார்கள். நீ நட்டநடுவில் செத்து நின்றபோது உன்னைத் தூக்கி நிறுத்தியவன் பெயர் உன் வாயில் வரவில்லையே தினா. அதுதான் எனக்கு ஆறவில்லை.

பாட்டுகளைப் பதிவு செய்ய ஸ்டுடியோவுக்குப் போக வசதியில்லை என்று நாச்சாரத்தில் ஸ்வப்னாவின் அப்பா வேலை செய்த கம்பெனியில் ஒரு காலி ஷெட்டைக் கேட்டு வாங்கினீர்கள். மிஷின் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பதிவு. சட்டையெல்லாம் பெயின்ட் வாசனையோடு வீட்டுக்கு வருவீர்கள். எல்லாப் பாட்டையும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்துப் பதிந்தீர்கள். ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து. எனக்குக் கேட்கப் பிடித்திருந்தது என்பதைவிட, உங்களைப் பார்க்கப் பிடித்திருந்தது என்று சொல்லலாம்.

பிறகு ரெக்கார்டு கம்பெனியிலிருந்து அந்த பம்பாய்க்காரர் வந்தார். நம் வீட்டு முன்னறையில், சலீமின் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் செய்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: பையனின் குரல் வேண்டும், முகம் வேண்டும். கூட இரண்டு பேர், அவர்களுக்கு டிக்கெட், ரூம், டிரம் செட், சவுண்டு செக், இதெல்லாம் தொந்தரவு. ஒரு லேப்டாப் போதும். "பேண்ட் கா ஜமானா நை ஹை" என்றார், குழுக்களின் காலம் போய்விட்டதாம். அப்போது அவர்கள் இரண்டு பேரும் வீட்டில் இல்லை. அவர் போன பிறகு நான் உன்னைக் கேட்டேன்.

"அவங்ககிட்ட என்னடா சொல்லப் போற?"

"நான் பேசிக்கறேன்மா. ரெண்டு மாசம் சோலோ ஒர்க். அப்புறம் அவங்களையும் கூப்பிட்டுக்குவேன்."

"அதை அவங்ககிட்ட சொல்லுவியா?"

"சொல்லுவேன்மா. நீ டென்ஷன் ஆகாதே."

நீ சொல்லவில்லை. சொல்லாமலே கிளம்பிப் போனாய். சலீம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தான். டிரம்மைத் துடைத்துவிட்டு, தனியாகக் கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, "தினா கப் ஆரா ஆன்ட்டி, எப்ப வர்றான்?" என்று கேட்பான். நான் வேலையாக இருக்கிறான் என்பேன், அடுத்த மாசம் என்பேன். நீ அவனிடம் பேசியிருப்பாய் என்று நம்பிக்கொண்டு நான் சொன்னவை எல்லாம் பொய்களாகிவிட்டன. அதற்குள் ஸ்வப்னாவுக்கு விஷயம் பிடிபட்டிருக்க வேண்டும். அவள் வருவதை நிறுத்திவிட்டாள். என்னிடம் மட்டும் அவ்வப்போது போனில் பேசுவாள். உன் பெயரை எடுக்கவே மாட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ நின்றது. சலீமும் அவன் அப்பாவும். கையில் பெரிய ஸ்வீட் டப்பா. "ஆன்ட்டி, அப்னா கானா ரேடியோ மே ஆயா, நம்ம பாட்டு!" என்று சலீம் கத்திக்கொண்டே படியேறினான். பெரியவர் முகமெல்லாம் சிரிப்பு. கடையில் தைத்துக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் வந்ததாம். டிரம் சத்தம் கேட்ட உடனே மகன் ஊசியைக் கீழே போட்டுவிட்டானாம். அவர்கள் செவன் சீட்டரின் ரெக்கார்டு வெளிவந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பெரியவர் என் வாயில் லட்டுவை வைத்தார். சலீம் நம் வீட்டுப் போனிலிருந்தே உனக்குப் போட்டான், நாங்கள் எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினான்.

"முபாரக் ஹோ மியா! காய்கு, ஏன் சொல்லல? ரேடியோ கேட்டுத்தான் தெரியணுமா?"

நீ, "சலீம் பாய், அது... அது சாம்பிள்தான். ஷெட்ல பதிஞ்சதுலேர்ந்து ஒரு பீஸ் கட் பண்ணி லூப் போட்டிருக்காங்க. லீகல் எல்லாம் லேபிள் கம்பெனி பார்த்துக்கும்" என்றாய்.

"நாம வாசிச்சதுதானே?"

"ஹவ், அதேதான். பட் ஆல்பம் என் பேர்ல வருது. நான் உனக்கு அப்புறம் பேசறேன்."

நீ அப்புறம் பேசவில்லை. பெரியவருக்குப் புரியவில்லை. மகன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சாப்பாடு போட்டேன். சலீம் உட்கார்ந்து சாப்பிட்டான், ரசம் கேட்டு வாங்கிக்கூடச் சாப்பிட்டான். கையைக் கழுவிவிட்டு டிரம்மை ஒவ்வொன்றாகக் கழற்றினான். நான் தடுத்தேன். "நக்கோ ஆன்ட்டி. உங்களுக்கு இடம் அடைச்சுக்கிட்டு இருக்கு" என்றான். வாசலில் நின்ற ஆட்டோவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனான். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவன் திட்டியிருந்தால் எனக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

பணத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது வக்கீல்கள் பேசுகிற விஷயம். உனக்குத் தனியாக முன்னேற ஒரு வழி கிடைத்தது, போனாய். அதைக்கூட நான் குற்றம் சொல்லமாட்டேன். மனிதர்கள் பிரிகிறார்கள். குழுக்கள் உடைகின்றன. எதிரே நின்று, "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போ. அவர்கள் அழட்டும், அடிக்கட்டும், அதை வாங்கிக்கொண்டு போ. உன் தாய் தகப்பனைப் பற்றி என்ன கதை வேண்டுமானாலும் கட்டு, எங்களுக்கு வயதாகிவிட்டது, தாங்கிக்கொள்வோம். இருந்த இரண்டு பேரை இல்லவே இல்லை என்று சொல்ல உனக்கு எப்படியடா நாக்கு வந்தது?

பேட்டி வந்த அன்றே இதை எழுதியிருப்பேன். உன் அப்பா பேச்சைக் கேட்டு அடக்கிக்கொண்டேன். வியாழக்கிழமை டைம் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த சரோஜினியின் மகளுக்கு போலாரத்தில் கல்யாண வரவேற்பு. ஃபங்ஷன் ஹாலில் ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருந்தார்கள். இரண்டு பாடகர்கள், ஒரு கீபோர்டு, ஓரத்தில் ரிதம் பேடுக்கு முன்னால் சலீம். கறுப்புக் கோட்டு போட்டிருந்தான், அவன் அப்பா தைத்ததாக இருக்கும். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஐ.டி. பிள்ளைகள். மேடைக்கு முன்னால் வந்து உன் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டார்கள். பாடகன் தலையாட்டினான். சலீம் அந்தப் பேடில் ஒரு பொத்தானை அழுத்தினான். நாச்சாரம் ஷெட்டில் அவன் வாசித்தது ஸ்பீக்கரில் வந்தது. அந்தத் தாமதமான அடி, நம் முன்னறையில் நான் ஆயிரம் தடவை கேட்டது, அது எனக்குத் தெரியாதா? சலீம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஹால் முழுக்க என் வார்த்தையைக் கத்திக்கொண்டு குதித்தார்கள்.

முடிந்ததும் மேடை ஓரத்துக்குப் போனேன்.

"என்ன சலீம் இது?"

"சலாம் ஆன்ட்டி. ஸ்டேஜ் சின்னது. டிரம் செட் வேணாம்னாங்க."

"பேட்டி பார்த்தியா?"

"ஹவ் ஆன்ட்டி. ஸ்வப்னா அனுப்பிச்சா." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"உனக்குக் கோவமே வராதாடா?"

அவன் பேடின் மேல் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினான். அதற்குள் பிள்ளைகள் அதே பாட்டை இன்னொரு தடவை கேட்டுக் கத்தினார்கள். "ஆன்ட்டி, கொஞ்சம் அந்தாண்ட போங்க. இங்க ஸ்பீக்கர் சத்தம் ஜாஸ்தி" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பொத்தானை அழுத்தினான்.

நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் போடாதே. எடுக்கமாட்டேன். என்னிடம் மன்னிப்புக் கேட்டு அழுது நடிக்க வேண்டாம், எனக்கு நீ கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை. முதலில் ஸ்வப்னாவிடம் போ. அவள் கதவைத் திறக்காமல் போகலாம், அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. வாசலில் நின்று சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வா. பிறகு போலாரத்துக்குப் போ. காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து போ, அந்தத் தெருவில் உன் பெரிய கார் நுழையாது. கடையில் வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே போ. சலீமின் அப்பா எதிரில் சொல், எல்லாரும் கேட்கச் சொல். அடுத்த பேட்டியில் அவன் பெயரையும் அவள் பெயரையும் சொல்வதாக வாக்குக் கொடுக்காதே, சொல்லிவிட்டு வந்து காட்டு.

அவன் உன்னை உட்காரச் சொல்வான். டீ வாங்கி வரச் சொல்வான். "பர்வா நை தினா, சோடோ, விட்டுடு" என்பான். அதைக் கேட்டவுடன் எழுந்துவிடாதே. அவன் உன்னைத் திட்டுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திரு.

அம்மா